பர்னெல் சொல்ல வேண்டியது

பர்னெல் கிழவராக நடிக்க உட்காரும்போது வெர்லீன் கால்களை அகட்டி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பாள்.

எதிரில் அமாயா. பதினாறு வயது.

"ம், ஆரம்பி" என்றாள் வெர்லீன்.

சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் இருவரும் பல வாரங்களாக இதைச் செய்துவருகிறார்கள். பால்டிமோரின் இந்தப் பக்கத்துத் தெருக்களில் தப்பு செய்து பிடிபடும் பிள்ளைகளில் சிலரை நீதிமன்றம் வெர்லீனிடம் அனுப்பிவைக்கும். தண்டனைக்குப் பதிலாக, யாருக்குத் தீங்கு செய்தார்களோ அவர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு முன் ஒத்திகை. அதில் தீங்குக்கு ஆளானவராக வெர்லீன் உட்காருவாள்.

அமாயா தோழிகளோடு சேர்ந்து ஒரு காரைத் திருடி ஊர் சுற்றினாள். அது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் பர்னெல்லின் கார். தினமும் சாயங்காலம் அதில்தான் அவர் நகரத்தின் மறுகோடிக்குப் போய், முதியோர் இல்லத்தில் இருந்த மனைவி எஸ்தருக்குச் சாப்பாடு ஊட்டுவார். எஸ்தருக்கு எல்லோருடைய முகமும் மறந்துபோயிருந்தது, அவருடையதைத் தவிர.

கார் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த நாட்களில் பஸ் மாறி மாறி அவர் போய்ச் சேருவதற்குள் எஸ்தர் தூங்கியிருப்பாள். கார் வந்ததும் முதல் வேலையாகச் சீக்கிரமே போய், ஸ்பூனை நீட்டினார்.

"நீங்க யாரு, சார்?" என்று கேட்டாள் எஸ்தர்.

அதன் பிறகு சாகும்வரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டாள்.

முதல் நாள் இங்கே வந்தபோது அமாயாவுக்கு இதெல்லாம் தெரியாது. "காருதான் திரும்பக் கெடச்சிருச்சே, அப்புறம் என்னவாம் அந்தாளுக்கு?" என்றாள். வெர்லீன் சொன்னதைக் கேட்டபின் இரண்டு வாரம் வரவேயில்லை. மூன்றாவது வாரம், வெர்லீன் கதவைத் திறப்பதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

பர்னெல் பல மாதம் முடியாது என்றே சொன்னார். "அந்தப் பொண்ணு பேசி என்னத்தைக் கிழிக்கப்போறா?" என்பார். போன மாதம்தான், வருகிற சனிக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார். அமாயாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் ஒரு தடவை தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சரி போ என்று சொல்ல வேண்டும்.

அதை வெர்லீன் தர மாட்டாள். ஒத்திகையில் மன்னிப்பதில்லை என்பது அவளே போட்ட விதி. இன்னொருவர் தர வேண்டியதை எடுத்துக் கொடுக்க அவள் யார்? பிள்ளைகளும் அதை எதிர்பார்த்துப் போய் ஏமாறக் கூடாது. அதனால் அவளுடைய பர்னெல் நிஜ பர்னெல்லைவிடப் பொல்லாதவர்.

"மன்னிப்பு கேக்க வந்தவளா நீ? மொதல்ல அந்தச் சுவிங்கத்தைத் துப்பு" என்பார் ஒரு வாரம். "யாரு எழுதிக் குடுத்தா? கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிற" என்பார் இன்னொரு வாரம்.

"நெஜ ஆளே தேவலாம், மிஸ். நீங்க வெளுத்து வாங்குறீங்க" என்று சிரிப்பாள் அமாயா.

இன்று சிரிப்பு இல்லை. சுவிங்கமும் இல்லை.

கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் சுழலும் சத்தம், எங்கோ தொலைவில் இருக்கும் கடலைப் போல, தரை வழியே ஏறி வந்துகொண்டிருந்தது.

"பின் சீட்டுல ஒரு டப்பா இருந்துச்சு, மிஸ்டர் பர்னெல்" என்றாள். "இதை நான் யார்கிட்டயும் சொல்லல. போலீஸ்கிட்டகூட. பீச் பழம், வேகவெச்சு, சின்னச் சின்னதா நறுக்கி. மூடி மேல ஒரு ஸ்பூனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்துச்சு. இவ்ளோ பொடிசா எவன் நறுக்குவான்னு கேலி பண்ணிக்கிட்டே தின்னோம். அந்த ஸ்பூனாலயே."

தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள். உதடு கோணி அழுகை வந்துவிட்டது. "ரொம்ப நல்லா இருந்துச்சு."

வெர்லீன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"லவங்கப்பட்டை தூக்கலா இருந்திருக்குமே" என்றாள், பர்னெல்லின் கரகரத்த குரலில். "எஸ்தருக்கு அப்படித்தான் பிடிக்கும்."

பிறகு சொன்னாள்: "சரி, போ. எனக்கு உன்மேல கோபம் இல்ல."

அமாயாவின் அழுகை சட்டென்று நின்றது. இத்தனை வாரமும் எந்த வார்த்தைக்காக வந்தாளோ அதைக் கேட்டபோது அவள் முகம் மலரவில்லை. வெர்லீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது நெஜந்தான்" என்றாள்.

வெர்லீன் மார்பில் கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். பர்னெல்லின் மகள் காலையில் போன் செய்திருந்தாள். அமாயா தன் மனதில் இருப்பதை ஒரு முறையாவது முழுக்கச் சொல்லி முடிக்கட்டும், விஷயத்தைப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வெர்லீன் நினைத்திருந்தாள்.

"ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாருன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. நான் நம்பல, மிஸ்."

அமாயா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் நீங்க திட்டினீங்கன்னா அது பொய்தான்னு நெனச்சுக்கிட்டே படியேறி வந்தேன்."