டாக்டர் வண்டி

சாட்சிக் கூண்டில் ஏறியது வேறு யாருமில்லை, பங்காளி சென்னியப்பன்.

சேலம் கோர்ட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னுசாமிக்கு முதலில் பயம்கூட வரவில்லை. வயிறுதான் எரிந்தது. சாட்சி சொல்ல வருகிறவனுக்கு எதற்கு இத்தனை மடிப்புக் கலையாத டெரிகாட்டன் சட்டை?

போதாததற்குக் காரில் வந்து இறங்கியிருக்கிறான். வழக்குப் போட்ட சின்னுசாமியோ ராசிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்.

அவருடைய அம்பாசடர் ஊரில் களத்து மேட்டில் நிற்கிறது. நகராது. பின் சீட்டில் கோழி அடை காக்கிறது.

எல்லாம் இவனால் வந்த வினை. இவன்தான் முதலில் லாரி எடுத்தான். நாமக்கல்லில் பாடி கட்டி, மாலை போட்டு, ஊருக்குள் கொண்டுவந்து ஹாரன் அடித்தான். அன்றிலிருந்து சின்னுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பேர். ஊசி போட்டால் போகாது.

அது போகத்தான் கார் வாங்கினார். சேலத்தில் பழைய கார் விற்கும் குமாரசாமி பானட்டைத் தட்டிக் காட்டி, இது டாக்டர் வண்டி என்றான். அந்த வியாபாரத்தில் டாக்டர் வண்டி என்றால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலுங்காமல் நலுங்காமல் போய்வந்தது என்று அர்த்தம். கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்புக் கூட்டல் குறியை நேற்றுத்தான் உரித்தானாம். தடம்கூட இல்லையே என்று சின்னுசாமி கேட்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சென்னியப்பனின் மூஞ்சி எப்படிச் சுருங்கும் என்பதுதான்.

ஐப்பசியில் சூரமங்கலம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வைத்துச் சாயம் வெளுத்தது. டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒரு கிழட்டு டிரைவர் ஓடிவந்து வண்டியைத் தடவிக்கொடுத்தார். காலமெல்லாம் இதை இங்கேதான் ஓட்டினாராம். நம்பாவிட்டால் பாருங்கள் என்று நகத்தால் கதவைச் சுரண்டிக் காட்டினார். வெள்ளைக்குக் கீழே கறுப்பு. கூரையைச் சுரண்டினார். மஞ்சள்.

வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். வண்டி ஒரேயடியாகப் படுத்த பிறகுதான் வக்கீலிடம் போனார்.

போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாம், ஆனால் இழுத்தடிப்பார்கள் என்றார் வக்கீல். வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம், அது நிற்கும். ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும். டாக்ஸி என்று தெரிந்த பிறகு, நல்ல வண்டி என்று யாரிடமாவது சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் தெரிந்தே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் வழக்கு தேறாது.

சுவரில் தொங்கிய காலண்டர் முருகனைப் பார்த்தபடி, இல்லை என்று சொல்லியிருந்தார் சின்னுசாமி.

இப்போது குமாரசாமியின் வக்கீல் எழுந்து, குமாரசாமியிடம் உங்கள் காரை யார் சொல்லி வாங்கினீர்கள் என்று சென்னியப்பனைக் கேட்டார்.

சென்னியப்பன் திரும்பிச் சின்னுசாமியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் துளி விஷம் இருந்திருந்தாலும் மனசு ஆறியிருக்கும். பாழாய்ப் போனவன் மரியாதையாகப் பார்த்தான்.

“எங்கண்ணன் சொல்லித்தானுங்க சாமி. தைப்பூசத்தன்னைக்குக் கேட்டேன். ‘எம்பட வண்டி டாக்டர் வண்டி, தங்கமா ஓடுது, நீயும் குமாரசாமிகிட்டயே போ’ன்னாரு. பேச்சுவார்த்தை இல்லாம இருந்தும் எனக்கு நல்லது சொன்னாருங்க.”

நீதிபதி பேனாவை எடுத்தார்.

சொன்னது நிஜம்தான். தான் பட்டதை அவனும் படட்டும் என்றுதான் சொன்னார். அன்றைக்குத்தான் வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

அவருடைய வக்கீல் குனிந்து காதோடு கேட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? காரணம் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், சமாளித்துப் பார்க்கிறேன்.

காரணம் இருந்தது. நல்லதுக்குச் சொல்லவில்லை எசமான், இவன் கெட்டுப் போகட்டும் என்றுதான் சொன்னேன் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். இத்தனை பேருக்கு முன்னால். இவனுக்கு முன்னால்.

சின்னுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காரணம் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். போட்ட பணமும் போயிற்று, களத்து மேட்டு வண்டியும் அவர் தலையிலேயே விடிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் சென்னியப்பன் காத்திருந்தான். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்ததால் தட்ட முடியவில்லை என்றும், அண்ணன் மனசில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னான். பிறகு தான் வந்த ஃபியட் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான்.

“ஏறுங்ணா, ஊட்டுக்குப் போலாம்.”

பஸ்ஸில் நின்றுகொண்டு போவதை நினைத்தார். ஏறிவிட்டார்.

ஒரே திருகலில் கிளம்பியது. மல்லூர் தாண்டியும் இஞ்சினில் ஒரு முனகல் இல்லை. ஒரு கடகடவாவது வராதா என்று சின்னுசாமி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்ந்து முன் கண்ணாடியில் விழுந்தபோது, அதன் மூலையில் எதையோ உரித்தெடுத்த தடம் தெரிந்தது. குறுக்கே ஒரு பட்டை, நெடுக்கே ஒரு பட்டை.

சென்னியப்பன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

சின்னுசாமி கையை நீட்டி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

சிவப்பு.