மூன்றாம் பக்கமும் ஏழாம் பக்கமும்

வார்டு தேர்தல் வேட்பாளர் அந்தத் தெருவில் கடைசியாகத் தட்டியது பச்சைக் கதவை. கூடவே, அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த மைக்செட்காரர்.

கதவைத் திறந்த பெண்ணின் கையில் தேர்தல் அறிக்கை. வரிக்கு வரி சிவப்பு மையில் கோடு.

"உங்க ஓட்டு எனக்குத்தான்னு நம்பி வந்திருக்கேன்" என்று கும்பிட்டார் வேட்பாளர்.

"அது இருக்கட்டும். மூணாம் பக்கத்துல நூலகத்துக்குப் புதுக் கூரை போடுவேன்னு இருக்கு. ஏழாம் பக்கத்துல அதே நூலகத்த இடிச்சிட்டு பஸ் ஸ்டாண்ட் கட்டுவேன்னு இருக்கு. எது நிஜம்?"

வேட்பாளருக்கு வேர்த்துக் கொட்டியது. "அது... கூரையப் போட்டுட்டு..."

"இடிப்பீங்களா? உங்க அறிக்கைய நீங்களே படிச்சீங்களா, இல்லையா?"

"மேலோட்டமா..."

"நான் மூணு தடவை படிச்சேன். சாக்கடைக்கு என்ன திட்டம்?"

கால் மணி நேரம் பிழிந்து எடுத்துவிட்டாள். வேட்பாளர் கெஞ்சியும் பார்த்தார். மசியவில்லை.

"மத்த மூணு வேட்பாளரையும் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்" என்று கதவைச் சாத்தினாள்.

மைக்செட்காரருக்குப் பாவமாக இருந்தது. காதருகே வந்து கிசுகிசுத்தார்.

"இந்தம்மாகிட்ட நம்ம பருப்பு வேகாது சார். இவங்க புருஷனத் தனியாப் பிடிச்சுப் பேசுவோம். அவர் சொன்னாக் கேப்பாங்க."

வேட்பாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் கெஞ்சிட்டு நின்னதே அந்தப் புருஷன்தாம்ப்பா!"