பதினேழாவது அழைப்பு

சிம்மை அவளே போட்டாள்.

"சிம் இல்லாத போனைக் காட்டினா யாரும்மா நம்புவாங்க?" என்றான் தொலைக்காட்சிக்காரன். நல்லவன் போலத்தான் பேசினான். போனைச் சத்தம் வராதபடி மாற்றி, அவள் கையிலேயே கொடுத்தான்.

எட்டு மாதமாகக் கழற்றி வைத்திருந்த சிம் அது.

பழைய பட்டன் போன். கடைசியாக வந்த இருபது அழைப்புகள்தான் அதில் நிற்கும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். புதிதாக ஒன்று வந்தால் பழையதில் ஒன்று போய்விடும். செல்போன் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மேலிருந்து நாலாவதாக இருந்தது மகனின் பெயர். ஞானசேகர். காலை 7.41.

ரயில் பாலத்திலிருந்து விழுந்தது 7.05-க்கு. அவன் போன ஏழாவது பெட்டியில் இருந்த அத்தனை பேரும் அந்த நொடியே இறந்துவிட்டார்கள் என்றது அரசு அறிக்கை.

"கதவு தொறக்க மாட்டேங்கும்மா. இன்னும் ஒருத்தரையும் காணோம்." 7.41-க்கு அவன் சொன்னது.

ஏன் யாரும் வரவில்லை? ஒரு தாய் இதைவிட என்ன கேட்டுவிடப் போகிறாள்.

விளக்குகள் எரிந்தன. எதிரிலிருந்த திரையில் அவள் முகம். பெயருக்குக் கீழே 'ஞானசேகரின் அம்மா' என்று போடச் சொல்லியிருந்தாள்.

'அறிக்கையை மறுப்பவர்' என்று போட்டிருந்தார்கள்.

"நாடே அழுதுகொண்டிருந்தபோது, இவர் யாருக்காகக் கேள்வி கேட்டார்?" நெறியாளர் முழங்கினார். கலெக்டருக்கு அவள் கொடுத்த மனு திரை முழுக்க விரிந்தது. வரிக்கு வரி சிவப்பு வட்டம். அடியில் அவள் கையெழுத்து. அதற்கும் அடியில், எல்லோரும் மனுவில் எழுதுவது போல, செல் நம்பர்.

கையில் போன் அதிர்ந்தது.

தெரியாத எண். அது நின்ற உடனே இன்னொன்று.

பதினாறு வரை பயமில்லை. அவளுக்குக் கணக்குத் தெரியும்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அழைப்பு நின்றது. அடுத்தது வந்தது. பின்மூடியை நகத்தால் நெம்பினாள். நகம்தான் ஒடிந்தது.

ஒன்பது. பத்து.

"ஐயா, எம் போனு..." என்றாள். மைக்கை எப்போதோ அணைத்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பின்னால் யாருமில்லை. நீலத் துணிதான் தொங்கியது.

பதினைந்து. பதினாறு.

இரண்டு கையாலும் போனைப் பொத்திக்கொண்டாள். அதிராதே என்று வேண்டினாள்.

அதிர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் எண்ணவில்லை.

"சரிம்மா." நெறியாளர் முதன்முறையாக அவள் பக்கம் திரும்பினார். குரலில் கனிவுகூட இருந்தது. "உங்க மகன் பேசினதா சொல்றீங்களே, அந்த அழைப்பைக் காட்டுங்க. நாடே பார்க்கட்டும்."

கேமரா கைக்கு மிக அருகில் வந்தது.

அவள் பட்டியலைத் திறந்தாள். கீழே இறங்கும் பொத்தானை அழுத்தினாள். வெறும் எண்கள். கடைசி வரிக்கு வந்தாள். மீண்டும் அழுத்தினாள்.

பட்டியல் மறுபடி மேலிருந்து தொடங்கியது.

அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.