மாவு மில் வாசல்

தெருவில் படுத்துவிட்டான். வெயிலில் காய்ந்த தார் கன்னத்தைச் சுட்டது.

வேறு வழியில்லை. காலையிலிருந்து நாற்பது படம் எடுத்தும் ஒன்றுகூடத் தேறவில்லை. அதே சந்து, அதே மின்கம்பம். ஐந்து வருடம் ஆகிவிட்டது, அதே இடத்தில் புதிதாக ஒன்று வேண்டும் என்று பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். நின்று பார்த்துச் சலித்த இடத்தைக் கிடந்து பார்த்தால் என்ன?

கம்பளிக்காரன் கிடந்த இடத்தில்.

அன்று, தெருத் தெருவாகக் கம்பளி விற்க வந்தவனைப் பிள்ளை பிடிக்க வந்தவன் என்று எவனோ கைபேசியில் பரப்பினான். கால் மணி நேரத்தில் முப்பது பேர். முதல் அடி முழங்காலில், இரும்புக் குழாயால். விழுந்தவன் முகத்தில் கல்லைப் போட்டார்கள். பற்கள் தெறித்தன. ஒருவன் புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து வயிற்றில் மிதித்தான்.

இவன் படம் எடுத்துக்கொண்டே இருந்தான்.

கம்பளிக்காரன் ரத்தத்தில் ஊர்ந்து, கேமராவை நோக்கிக் கையை நீட்டினான். அதுதான் அந்தப் படம். ஊர் உலகமெல்லாம் பார்த்த கை.

ஆஸ்பத்திரி போகும் வழியில் செத்துப்போனான். நாகோஜி என்ற பெயரே மறுநாள்தான் தெரிந்தது.

நான் ஒருவன், அவர்கள் முப்பது பேர், என்னால் என்ன செய்திருக்க முடியும் என்று விருது மேடையில் கேட்டான். கைதட்டினார்கள். எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து வருடமாகத் தூங்குகிறான்.

இப்போது ஒரு கையை நீட்டினான். மறு கையால் கேமராவைக் கண்ணில் வைத்தான்.

படம் எடுக்கத் தான் அன்று நின்ற இடம் தெரிந்தது.

அதற்குப் பின்னால் ஒரு மாவு மில். ஷட்டர் இடுப்பளவு தூக்கியிருந்தது. நீட்டிய விரல்கள் நேராக அந்த இருட்டைக் காட்டின.

ஆறடிகூட இருக்காது.

உள்ளேயிருந்து மில்காரி கொளஞ்சி குனிந்து வெளியே வந்தாள். கையெல்லாம் மாவு. கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது.

“அன்னிக்கும் இவ்ளோதான் சார் தூக்கி வச்சிருந்தேன். உள்ள வந்துடுய்யா, இழுத்து மூடிடுறேன்னு கத்துனேன். அந்தாளு ஊந்துகிட்டே வந்தாரு. நீங்க வாசல மறிச்சிக்கிட்டு நின்னீங்க. நகருங்க நகருங்கன்னு, மாவு அளக்குற இரும்புப் படிய எடுத்து உங்க கால்லயே ஓங்கி அடிச்சேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவன் கெண்டைக்காலில் ஒரு தழும்பு உண்டு. கூட்டம் தன்னையும் விடவில்லை என்று சொல்லி, பேண்ட்டைச் சுருட்டி, எத்தனையோ பேட்டிகளில் அதைக் காட்டியிருக்கிறான்.