பதினொன்றேகால் மணி

“இருபத்தோரு நாள் டிரெயினிங்னு சொல்லி வெச்சே. இன்னையோட முடியுது. நாளைக்கு என்ன சொல்லப் போறே?”

கேட்டுக்கொண்டே டீச்சரின் கணவர், மருந்து பாட்டில் தொங்கிய கம்பியைக் கட்டிலின் கால்மாட்டுக்குத் தள்ளினார். தலைமாட்டுச் சுவரில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட திரைச்சீலையைப் பின் குத்தி மாட்டினார். டேப்லெட் கேமராவில் இப்போது அந்தத் திரையும் அவள் முகமும் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரி தெரியாது.

“இன்னைக்கே சொல்லிடறேங்க. அதுக்குத்தான் இந்தப் பாடத்தை எடுத்து வெச்சிருக்கேன்.”

“இதைத்தான் போன வாரமும் சொன்னே.”

அவளும் சொல்லத்தான் நினைத்தாள். விபத்து, முதுகில் ஆபரேஷன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதுவரை சொல்லிவிடலாம். ‘எப்ப டீச்சர் நடந்து வருவீங்க?’ என்று அதில் ஒன்று கேட்டுவிட்டால்? டாக்டரே பதில் சொல்லாத கேள்வி அது. பிள்ளைகள் முகம் வாடினால் அவளால் தாங்க முடியாது.

டேப்லெட்டில் வகுப்பறை வந்தது. பக்கத்து வகுப்பு சார் வாசலில் நின்று ஒருமுறை அதட்டிவிட்டுப் போனார். “வணக்கம் டீச்சர்” என்று இருபது குரல்கள் ராகம் போட்டன. டீச்சரின் முகம் தெரியும் திறன்பலகைக்குப் பக்கத்தில், தன் வீட்டுச் சொத்தைக் காவல் காப்பவள் போல, வகுப்பு லீடர் நின்றாள். முதல் பெஞ்சில் சோடாபுட்டியும் வாலும். சோடாபுட்டி வகுப்பிலேயே தடிமனான கண்ணாடி போட்ட பெண். வாலு வகுப்பிலேயே அதிகமாக வாயாடுகிறவன்.

“டீச்சர், டிரெயினிங்ல உங்களுக்கு ஹோம்வொர்க் தருவாங்களா?” என்றான் வாலு.

“தருவாங்க.”

“செய்யலைன்னா வெளிய நிக்க வைப்பாங்களா?”

“நிக்க வெச்சா சந்தோஷமா நிப்பேன்டா.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ஒரு விரல் தட்டலில் ஆறு புகைப்படங்களைத் திறன்பலகைக்கு அனுப்பினாள். “இவர் வெளிநாட்டுல பழைய காலத்து ஜனாதிபதி. வேலை இல்லாம, சாப்பாடு இல்லாம ஜனங்க தவிச்சப்போ நாட்டைத் தூக்கி நிறுத்தினவர். படத்தை விரலால இழுத்துப் பெரிசாக்கிப் பாருங்க. எல்லாத்துலயும் ஒரு விஷயம் இல்லை. அது என்ன?”

பிள்ளைகள் பலகையை மொய்த்துக்கொண்டார்கள்.

“மீசை இல்லை டீச்சர்.”

“உன் மூஞ்சி. இங்க கார்ல உக்காந்திருக்கார், பாரு.”

“இதுல மேசைக்குப் பின்னாடி.”

“இதுல நிக்கறார். ஆனா பக்கத்துல இருக்கறவர் கையைக் கெட்டியாப் பிடிச்சிருக்கார்.”

சோடாபுட்டி மூக்கு பலகையில் இடிக்கும்படி நின்று ஆறையும் பார்த்தாள். “தனியா நடக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லை டீச்சர்.”

“அதேதான். காய்ச்சல் வந்து அவருக்குக் கால் ரெண்டும் விளங்காமப் போச்சு. சக்கர நாற்காலிதான். ஆனா ஜனங்க நிறைய பேருக்கு அது தெரியாது. எப்படி மறைச்சிருப்பார், யோசிங்க.”

அறைக் கதவு திறந்தது. ஊசித் தட்டோடு நர்ஸ் உள்ளே வந்தாள். டீச்சர் பதறுவதற்குள் டேப்லெட்டில், “டீச்சர், கரண்ட் போ…” என்று ஒரு குரல் கேட்டது. படம் அணைந்தது.

கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொன்னேகால். உங்க ஸ்கூல்ல மட்டும் கரண்டுகூட பெல் அடிச்ச மாதிரி போகுது.”

“போகட்டும், எனக்கு நல்லதுதானே. முதல் நாள் ஊசி போடறப்போ மட்டும்தான் மாட்டிக்கிட்டேன். முகத்தைச் சுளிச்சதுக்குக் கொசுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.”

“கையை இறுக்காதீங்கம்மா” என்றாள் நர்ஸ்.

மருந்து தோள்வரை எரிந்துகொண்டே ஏறியது. பார்க்கப் பிள்ளைகள் இல்லாத தைரியத்தில் கொஞ்சம் அழுதாள். நர்ஸ் போனதும் முகம் துடைத்து, கண்ணாடி துடைத்து, புன்னகையைச் சரிசெய்து முடித்தபோது வகுப்பறை மறுபடி வந்தது.

“எங்க விட்டோம்? எப்படி மறைச்சார்?”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோடாபுட்டி மெல்ல எழுந்தாள்.

“அவர் ஒருத்தரா மறைச்சிருக்க முடியாது டீச்சர். கூட இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவரைத் தூக்கி இறக்கறப்போ படம் பிடிக்கறவங்க கேமராவைக் கீழ இறக்கியிருப்பாங்க.”

அது அவள் கடைசியில் சொல்ல வைத்திருந்த விஷயம். “உனக்கு யாருடி சொன்னா?”

“யாரும் சொல்லலை. நம்ம கிளாஸ்லயே…”

லீடர் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருடி. சொல்லக் கூடாதுன்னு பேசி வெச்சோம்ல?”

“நாளைக்கு டீச்சர் வேற பொய் தேடணும்ல? பாவம்டி.” சோடாபுட்டி கேமராவைப் பார்த்தாள். “நானும் கண்ணாடி போடறவதானே டீச்சர். முதல் நாளே உங்க கண்ணாடியில மருந்து பாட்டில் தெரிஞ்சுது. ஊசியோட சிஸ்டரும் தெரிஞ்சாங்க.”

டீச்சரின் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. கணவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

லீடர் தலையைக் குனிந்துகொண்டே கேமராவுக்கு அருகில் வந்தாள்.

“கரண்ட் ஒரு நாளும் போகலை டீச்சர். டீச்சர் அழணும்னா அழுதுக்கட்டும்னு, மறுநாள்லேருந்து தினமும் பதினொன்னேகாலுக்கு நான்தான் சுவிட்சை ஆஃப் பண்ணேன்.”