செல்லதுரை பேருக்கு ஒரு சீட்டு

"எம் மவன் செத்துட்டான்னு சொல்லுங்க ஜோசியரே. அதைக் கேக்கத்தான் இவளைக் கூட்டியாந்திருக்கேன்."

கிளிக்கூண்டின் கதவில் வைத்த கையை மருதையன் எடுத்துவிட்டார். வேளாங்கண்ணி சாலைப் புளியமரத்தடியில் அவர் கடை விரித்து எத்தனையோ வருடம் ஆகிறது. போன பிள்ளை வருவானா என்று கேட்ட தாய்மார்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.

எதிரே உட்கார்ந்திருந்த எல்லையம்மாளுக்கு மொட்டைத் தலை. முடி இப்போதுதான் முள்முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. அழுது முடித்து, அதற்கப்புறமும் வேலைக்குப் போய் வந்தவளின் முகம். பக்கத்தில் மருமகள் சந்திரலேகா, முப்பதுகூட இருக்காது. கழுத்திலிருந்த தாலிச்சரட்டை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"அத்தை பேச்சை விடுங்க," என்றாள் அவள். "முன்னெல்லாம் இவங்க இப்படி இல்லீங்க. அவருக்காக ஆவணித் திருவிழாவுல மாதாவுக்கு முடிகூடக் குடுத்தாங்க. குடுத்துட்டு வந்ததுலேர்ந்து தாலியைக் கழட்டு, கழட்டுன்னு ஒரே பாட்டு."

மகன் செல்லதுரை பஹ்ரைனுக்குப் போய், அங்கே ஒரு விசைப்படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன். முதல் வருடம் பணமும் கடிதமும் வந்தன. பிறகு நின்றுவிட்டன. படகு கவிழ்ந்தது என்றார்கள் சிலர், அதெல்லாம் இல்லை என்றார்கள் சிலர்.

உடல் கரைக்கு வராதவரை அவர்களுடைய மீனவர் குப்பத்தில் தாலியைக் கழற்ற மாட்டார்கள். குறி கேட்டு, போய்விட்டான் என்று வந்தால்தான் கழற்றுவார்கள். அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

"இவ மாமன் மவன் காயாரோகணம் இவளைக் கட்டிக்கிறேங்கிறான் ஐயா. ஐப்பசி வரைக்கும்தான் பாப்பாங்களாம். அப்புறம் வேற எடத்துல முடிச்சிடுவாங்க. இவ என்னடான்னா கல்லு மாதிரி உக்காந்திருக்கா."

"நான் கேட்டேனா உங்களை?"

"நீ எங்கடி கேக்கப் போறே? எங்கூட உக்காந்து கருவாடு காயவச்சே கெழவியாயிடுவே."

"ஆயிட்டுப் போறேன். காக்கா ஓட்ட உங்களுக்கும் ஆளு வேணுமில்ல."

மருதையன் கூண்டைத் திறந்தார். போனவர் பேருக்கு ஒன்று, காத்திருப்பவர் பேருக்கு ஒன்று. இப்படி வருகிறவர்களுக்கு இரண்டு சீட்டு எடுப்பதுதான் அவர் வழக்கம்.

"செல்லதுரை பேருக்கு ஒரு சீட்டு எடு ராசாத்தி."

கிளி தத்தித் தத்தி வந்து, நாலைந்தைத் தள்ளிவிட்டு ஒன்றைக் கொத்தியது. ராமர் பட்டாபிஷேகம். சிம்மாசனத்தில் ராமன், பக்கத்தில் சீதை.

"சந்திரலேகா பேருக்கு ஒண்ணு."

இந்தத் தடவை தேடவே இல்லை, மேலே இருந்ததையே எடுத்தது. அரிச்சந்திரன் கதை. சுடுகாட்டில் செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சந்திரமதி.

கிளி ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சீட்டுகள் வருவது புதிதல்ல. எதைத் தூக்கிச் சொல்வது, எதை அமுக்கிச் சொல்வது என்பதுதான் தொழில். ஆனால் காலையிலிருந்து பேசிப் பேசி மருதையனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. யாரையும் அழவைக்க அன்றைக்கு அவருக்குத் தெம்பு இல்லை.

தாலிச்சரட்டில் இருந்த அந்த விரலைப் பார்த்தார்.

"தாயி, காட்டுக்குப் போனவரு பட்டம் கட்டிக்கத் திரும்பி வந்தாருல்ல? கடல் தாண்டிப் போனவரும் வருவாரு. சுடுகாட்டுல கெடந்தவளுக்கும் கடைசியில புருசன் கெடைச்சான், செத்த புள்ளை எந்திரிச்சான். ரெண்டு சீட்டும் ஒண்ணைத்தான் சொல்லுது. பொறுத்திரு."

சந்திரலேகாவின் முகம் ஒரு நொடியில் பத்து வயது குறைந்தது.

"கேட்டீங்களா அத்தை? எங்க இருந்தாலும் சரி, எப்படி இருந்தாலும் சரி, உசுரோட இருந்தாப் போதும். எத்தனை வருசமானாலும் நான் இந்த வீட்டை விட்டுப் போவ மாட்டேன்."

எல்லையம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். "சரிடி. தொண்டை காயுது. அந்தக் கடையில ஒரு சோடா வாங்கியா."

மருமகள் சாலையைக் கடக்கும்வரை மருதையன் பொறுத்திருந்தார். பிறகு பொறுக்கவில்லை.

"ஏம்மா, நீ பெத்தவதானா? சின்னப் பொண்ணு நம்பிக்கையோட நிக்குது. பெத்த மவன் செத்தான்னு சொல்லச் சொல்லி ஒருத்தி இப்படி அலைவாளா?"

எல்லையம்மாளுக்குக் கோபம் வரவில்லை. சீட்டுகளைப் பார்த்தபடியே சொன்னாள். "இன்னிக்கு விட்டா இவ வாழ்க்கை போச்சுய்யா. அவ வந்ததும், மாத்திச் சொல்லிட்டேன், செத்துட்டாந்தான்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"மாட்டேன். ஒருவேளை உசுரோட இருந்தான்னா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

சோடாக்கடைக்காரன் மூடியைத் திறந்துகொண்டிருந்தான். எல்லையம்மாள் ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"திருவிழாவுல அங்கேர்ந்து வந்தவன் சொன்னான். பஹ்ரைன்ல பொண்டாட்டி புள்ளையோட நல்லாத்தான்யா இருக்கான்."