சமையலறைச் சாவி

"அத்தை, அது சுவிட்ச் போர்டு. அதுக்குக் காய்ச்சல் எல்லாம் வராது."

மாமியார் காதில் வாங்கவில்லை. புறங்கையைப் போர்டின் மேல் வைத்துப் பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார்.

"இதுல கெட்டில் போடாதே. ஹால்ல போட்டுக்கோ."

"வெந்நீரை ஹால்ல வெச்சு, பாலை பெட்ரூம்ல காய்ச்சவா?"

தினமும் இதே பாட்டுத்தான். காலையில் எழுந்தால் வீடு முழுக்க ஒவ்வொரு போர்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் அவருக்கு. மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றால் அதற்கும் விடமாட்டார்.

"இந்தத் தெரு முழுக்க வயரிங் பண்ணின மனுஷன், தன் வீட்டுக்குத் தன் கையால போட்டது இது. அவர் ஏணி மேல நிப்பார், நான் கீழே நின்னு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுப்பேன். கண்டவன் வந்து பிரிச்சுப் பார்த்துட்டு, வேலை சரியில்லைன்னு சொல்லிட்டுப் போறதுக்கா?"

பெருமை போய்ச் சேர்ந்த மாமனாருக்கு. எரியப் போவது இருக்கிறவர்கள் வீடு. இதை அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. கணவனிடம் உரக்கவே சொன்னாள். அவன் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

இன்னொன்றும் உண்டு. லீவு நாள் வந்தால், "ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வாங்களேன்" என்று மாமியாரே விரட்டுவார். திரும்பி வந்தால் மைக்ரோவேவ் கடிகாரம் பூஜ்யம் காட்டிக் கண் சிமிட்டும். மெயினையே அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஒரு தடவை, சமையலறை மேடையில் இருந்த டப்பாக்கள் இடம் மாறியிருந்தன. அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் சமையலறையைப் பூட்டி, சாவியை ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டுதான் படி இறங்குவாள்.

மாமியார் கண் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, கெட்டில் போட்டதும் அந்தச் சமையலறை போர்டு சடசடத்தது. கருகல் நாற்றம் வேறு.

நல்லதாகப் போயிற்று. எலக்ட்ரீஷியனுக்குப் போன் பறந்தது.

அவன் மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினான். உள்ளே ஸ்க்ரூவைச் சுற்றி ஒரே கரி.

"அலுமினிய வயர் அக்கா. பழைய வீடுன்னா இதுதான் இருக்கும். அந்தக் காலத்துல எல்லாரும் இதைத்தான் போட்டாங்க, தப்புச் சொல்ல முடியாது. சூடாகிச் சூடாகி ஸ்க்ரூகிட்ட தளர்ந்துடும். மத்த போர்டும் இதே கதையாத்தான் இருக்கும்."

"பாருங்க. எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க."

மாமியாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவள் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன.

ஹால் போர்டைக் கழற்றியவன் உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி மூடினான். பெட்ரூமுக்குப் போனான். அங்கேயும் கழற்றி மூடினான். மாமியார் அறையிலிருந்து வந்துதான் வாயைத் திறந்தான்.

"இதெல்லாம் யாரை வெச்சுச் சரி பண்ணினீங்க?"

"யாரும் வரலையே. என் மாமனார் போட்டதுதான்."

"வயர் அவர் போட்டது. ஆனா ஒவ்வொரு நுனியையும் யாரோ சுத்தம் பண்ணி, பசை தடவி, இதுக்குன்னே இருக்கிற கனெக்டர் மாட்டி, அதுலேர்ந்து காப்பர் வயர் துண்டு எடுத்து சுவிட்சுக்குக் குடுத்திருக்காங்க. இவ்வளவு பொறுமை எனக்கே கிடையாது."

"அவரே செஞ்சிருப்பார்."

"அவர் எப்பத் தவறினார்?"

"என் கல்யாணத்துக்கு முன்னாடியே."

"இந்த கனெக்டர் கடைக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது அக்கா."

மருமகள் திரும்பி, அணைந்து கிடந்த மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் புரியல" என்றான் அவன். "வீடு பூரா செஞ்சவங்க, லோடு அதிகமா இழுக்கிற சமையலறையை மட்டும் ஏன் விட்டாங்க?"

ஆணியில் தொங்கிய ஹேண்ட்பேகைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, இதையும் நான் முடிச்சுக் குடுத்துடறேன்."

"வேண்டாம்."

"இப்படியே விடக் கூடாது அக்கா."

"விடப் போறதில்ல. இந்த லைன் ஃபியூஸை மட்டும் பிடுங்கி வெச்சுட்டுப் போங்க. மிச்சத்தை எங்க வீட்டு எலக்ட்ரீஷியன் பார்த்துப்பாங்க."

சொல்லும்போதே அவள் தலை நிமிர்ந்துகொண்டது.

வாசலில் மாமியார். எலக்ட்ரீஷியன் கையில் பையைப் பார்த்ததுமே முகம் கறுத்துப் போயிற்று.

"யாரைக் கேட்டு இவரைக் கூப்பிட்டே?"

"பார்க்கத்தான் கூப்பிட்டேன் அத்தை. இந்த வீட்டு வயரிங்ல கை வைக்கத் தனக்கு யோக்யதை இல்லைன்னுட்டுக் கிளம்பிட்டார்."

"ஆமாம்மா" என்றான் அவன், செருப்பைத் தேடிக்கொண்டே. "இப்படி ஒரு வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்ல."

மாமியாருக்கு முதுகு நேரானது. "பின்னே?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

"கண் டாக்டர் என்ன சொன்னார் அத்தை?"

"வெளிச்சம் நல்லா இருந்தா எல்லாம் தெளிவாத் தெரியும்னார்."

"நாளைக்கு லீவுதானே, நாங்க ரெண்டு பேரும் வெளியே போறோம். வர சாயங்காலம் ஆகும்."

மாமியார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். விரட்டாமலே போகிறாளே.

மறுநாள் கிளம்பும்போது அவள் சமையலறையைப் பூட்டவில்லை. கருகிய போர்டுக்குக் கீழே இருந்த டப்பாக்களைத் தானே நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் டார்ச் லைட்டை வைத்தாள்; புது பேட்டரி போட்டு.